நாட்டிய ஆசிரியைக்கு முடி மாற்று அறுவை சிகிச்சை: முதல் சந்திப்பு முதல் ஓராண்டு வரை, செவிலியர் பார்வையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

முடி மாற்று அறுவை சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். அதனால் இந்தப் பிரிவில் நாங்கள் பயன்படுத்தும் படிவம், அறிவுரைத் தாள், வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லும் வார்த்தை எல்லாமே ஆண்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ‘தொப்பி போடலாமா’, ‘ஹெல்மெட் எப்போது போடலாம்’, ‘மொட்டை அடிக்க வேண்டுமா’ என்ற கேள்விகளுக்கு அவற்றில் பதில் இருக்கும். வகிட்டில் குங்குமம் எப்போது வைக்கலாம், துக்க வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்கு எப்படி ஊற்றிக்கொள்வது என்பதற்கெல்லாம் இருக்காது. எங்கள் மருத்துவமனையின் தோல் சிகிச்சைப் பிரிவும் ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) பிரிவும் சேர்ந்து சிகிச்சையளித்த ஒரு பெண்ணின் நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். இதே பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அவருக்கு வயது 41. இரண்டு பிள்ளைகள். சிறுவயதிலிருந்து பரதம் ஆடியவர். இப்போது வீட்டு மாடியில் வகுப்பு எடுக்கிறார். இடுப்பைத் தொடும் முடி. ஆனால் நெற்றியின் இரு ஓரங்களிலும் காதுக்கு மேலேயும் சில ஆண்டுகளாக முடி குறைந்துகொண்டே வந்து, இப்போது தோல் பளபளவென்று தெரிந்தது. வகுப்பு நாட்களில் இழுத்துக் கட்டிய கொண்டை. மேடை நாட்களில் நடுவகிடு எடுத்து, படிய வாரி, நீளத்துக்குச் சவுரி வைத்துப் பின்னி, ராக்கொடி, பூ, குஞ்சலம் எல்லாம் ஏற்றிக்கொள்வார். அந்தப் பாரம் முழுவதையும் நெற்றியோர முடிதான் தாங்குகிறது.

தொடர்ந்து இழுபடுவதால் வரும் இந்த முடி இழப்பு தொடக்கத்திலேயே கவனிக்கப்பட்டு, கட்டைத் தளர்த்தினால் முடி திரும்ப வளர்ந்துவிடும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மயிர்க்கால் தழும்பாகிவிடும். அதன் பிறகு எந்த மருந்துக்கும் வளராது. இவர் அந்த இரண்டாம் கட்டத்தில் வந்தார்.

பெண்களுக்கு முடி மாற்று சிகிச்சை என்றாலே மருத்துவர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. ஆண்களுக்கு முன்னும் உச்சியும் வழுக்கையானாலும் பின்மண்டை முடி உறுதியாக நிற்கும். அதை எடுத்து முன்னால் நடலாம். பெண்களுக்குப் பரவலாக வரும் முடி மெலிவில் பல நேரம் பின்மண்டையும் சேர்ந்தே மெலிந்திருக்கும். எடுக்கும் இடமே பலவீனமாக இருந்தால் நட்டுப் பயனில்லை. அதனால் ஆசையோடு வரும் பெண்களில் பலரிடம் ‘உங்களுக்கு இது சரிவராது’ என்று சொல்லி மருந்து சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. இவருக்கோ பின்மண்டையில் அடர்த்தி நன்றாக இருந்தது, இழப்பு ஓரிடத்தோடு நின்றிருந்தது, காரணமும் தெரிந்தது. தகுதியானவர் என்றுதான் மருத்துவரும் முதலில் கருதினார்.

முதல் சந்திப்பு

ஏப்ரல் மாதக் கடைசியில் கணவரோடு வந்தார். மே விடுமுறையில் வகுப்பு இருக்காது, அதற்குள் அறுவை சிகிச்சை முடிந்துவிட வேண்டும் என்பது அவர்கள் திட்டம்.

தோல் மருத்துவர் கருவி வைத்துப் பார்த்தார். முடி போன பகுதியின் முன் விளிம்பில் மட்டும் மெல்லிய முடி வரிசையாக எஞ்சியிருந்தது. அது இழுவையால் வரும் இழப்பின் அடையாளம். நெற்றியோரத்தில் முடி போகச் செய்யும் தழும்பு நோய் ஒன்றும் இருக்கிறது. அதில் புருவமும் உதிரும், மயிர்க்காலைச் சுற்றிச் சிவப்பும் செதிலும் இருக்கும், விளிம்பில் இந்த மெல்லிய முடி மிஞ்சாது. அந்த நோய் ஓயாமல் இருக்கும்போது முடி நட்டால் நட்டதையும் அது தின்றுவிடும். அதனால் சிறிய தோல் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இழுவை இழப்புதான் என்று பிறகு உறுதியானது.

மருத்துவர் அறையில் கேட்ட கேள்விகளுக்குப் பெரும்பாலும் கணவரே பதில் சொன்னார். அக்கறையில்தான் சொன்னார். “வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?” என்றதற்கு, “இல்ல டாக்டர், சுகர், பிரஷர் எதுவும் கிடையாது” என்றார். மனைவியும் தலையசைத்தார். படிவத்தில் ‘இல்லை’ என்று பதிவானது.

பெண் நோயாளி என்றால் செவிலியர் ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசுவது எங்கள் பிரிவில் வழக்கம். கணவரைப் பதிவு கவுண்டருக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து அறையில் அவரோடு உட்கார்ந்தேன். இந்த அரை மணி நேரம்தான் பின்னால் நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது. அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

‘மாத்திரை சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் நம் ஊரில் பலரும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடுவதை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. “அக்கா, உங்க கைப்பையில என்ன மாத்திரை வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். பையைத் திறந்து இரண்டு அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. மற்றொன்று புரோப்ரனோலால் 40 மி.கி. “இது சும்மா ஒத்தத் தலைவலி வராம இருக்க, சிஸ்டர். ரெண்டு வருஷமா தினமும் காலையில ஒண்ணு போடுறேன்” என்றார்.

இது சாதாரண விஷயமில்லை. முடி மாற்று சிகிச்சையில் தலைத்தோல் முழுக்க மரத்துப்போகும் ஊசி போடுவோம். ரத்தக் கசிவைக் குறைக்க அதில் அட்ரினலின் கலந்திருக்கும். புரோப்ரனோலால் உடம்பில் இருக்கும்போது அட்ரினலின் கணிசமாக உள்ளே போனால் ரத்தக் குழாய்கள் சுருங்குவதை எதிர்க்க ஆளில்லாமல் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறலாம். கூடவே இதயத் துடிப்பும் இறங்கலாம். வலி மாத்திரையோ ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் வகையைச் சேர்ந்தது.

அடுத்து மாதவிடாய் பற்றிக் கேட்டேன். “எல்லாருக்கும் போலத்தான்” என்றார். பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான், இதோடு நின்றுவிடக் கூடாது. எத்தனை நாள், எத்தனை மணிக்கு ஒருமுறை நாப்கின் மாற்றுகிறீர்கள், ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது விவரம் வெளியே வந்தது. ஏழு நாள், முதல் மூன்று நாள் இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்த நாட்களில் வகுப்பில் நின்றபடி சொல்லிக்கொடுக்க மட்டுமே முடிகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. அன்றே எடுத்த சோதனையில் ஹீமோகுளோபின் 9.4. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8. இரண்டுமே குறைவு. தைராய்டு சரியாக இருந்தது.

மூன்றாவது விஷயத்தை அவரே கேட்டார். “முன்பக்கம் நிறைஞ்சுட்டா மறுபடி இழுத்துக் கட்டலாம்ல, சிஸ்டர்?” நட்ட முடிக்கும் அதே இழுவைதான், அதே முடிவுதான். சிகிச்சைக்குப் பின் கொண்டை போடும் விதமே மாற வேண்டும் என்று அதுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

தள்ளிவைக்க எடுத்த முடிவு

மூன்றையும் எழுதி மருத்துவரிடம் கொடுத்தேன். அன்று மாலையே அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், நான் மூவரும் பேசினோம். மே மாதம் வேண்டாம் என்று முடிவானது.

காரணங்கள் எளிமையானவை. ஃபெரிட்டின் இவ்வளவு குறைவாக இருக்கும் உடம்பில் இருக்கிற முடியே உதிரலாம். நட்ட முடி நன்றாக வளரும் என்று எதிர்பார்க்க முடியாது. ரத்தப்போக்குக்குக் காரணம் தெரியாமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதும் சரியல்ல. புரோப்ரனோலாலை நாமாக நிறுத்தச் சொல்லவும் கூடாது. அதைத் திடீரென்று விட்டால் நெஞ்சுப் படபடப்பும் தலைவலியும் திரும்பி வரலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதோடு, இது உயிர் காக்கும் அவசர சிகிச்சை அல்ல. காத்திருப்பதால் இழக்கப்போவது எதுவும் இல்லை.

அவரைப் பொறுத்தவரை இழப்பு இருந்தது. விடுமுறை வீணாகும், வீட்டில் மறுபடியும் சம்மதம் வாங்க வேண்டும். சொன்னபோது முகம் வாடிவிட்டது. “வேற எடத்துல அடுத்த வாரமே பண்றேன்னாங்க” என்றார். அவரைப் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் உண்மையை மறைப்பதும் நியாயமில்லை. 2016-இல் சென்னையில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் அதைத் தொடர்ந்து உயிரிழந்ததைச் சொன்னேன். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலையும் சொன்னேன்: முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்தோ பயிலரங்கில் வேடிக்கை பார்த்தோ கற்றது போதாது, அவசர நிலையைச் சமாளிக்கும் வசதி அங்கே இருக்க வேண்டும். “எங்கே செய்தாலும் இந்த ரெண்டு மாத்திரை அட்டையையும் காட்டுங்க. அதைப் பார்த்துட்டு அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க” என்றேன். அவர் வேறு இடத்துக்குப் போகவில்லை.

மகப்பேறு மருத்துவர் ஸ்கேன் செய்து சிறிய நார்க்கட்டி இருப்பதைக் கண்டு, ரத்தப்போக்குக்கு மருந்து கொடுத்தார். இரும்புச்சத்து ஊசி மூலம் ஏற்றப்பட்டது. நரம்பியல் மருத்துவர் சில வாரங்களில் புரோப்ரனோலாலைக் குறைத்து நிறுத்தி, வேறு தடுப்பு மருந்துக்கு மாற்றினார். மாற்று மருந்தைத் தேர்வு செய்யும்போது, நோயாளி முடிக்காகக் காத்திருப்பவர் என்று குறிப்புச் சீட்டில் எழுதி அனுப்பினோம். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் மருந்துகளில் வால்ப்ரோயேட் முடியை உதிர்க்கக்கூடியது.

இதற்கிடையில் கொண்டையைத் தளர்த்தும் பழக்கத்தை ஆரம்பித்துவிடச் சொன்னோம். வகுப்பில் கழுத்தருகே தொளதொளவென்று ஒற்றைப் பின்னல். ஆடி மாதத்தில் வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். எங்களுக்கும் ஆவணிதான் வசதியாக இருந்தது. மாதவிடாய் முடிந்த மறுவாரமாகப் பார்த்துத் தேதி குறித்தோம். நாள் முழுவதும் படுத்திருக்க வேண்டிய சிகிச்சையில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆகஸ்டில் ஹீமோகுளோபின் 11.9, ஃபெரிட்டின் 46.

முந்தைய வாரம்

முடியை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்கும் முறைக்குப் பின்மண்டையைச் சிரைக்க வேண்டும். சன்னல்போல ஒரு பகுதியை மட்டும் சிரைத்தும் செய்யலாம். பின்மண்டையிலிருந்து ஒரு கீற்றுத் தோலை எடுத்துத் தைத்து, அதிலிருந்து மயிர்க்கால்களைப் பிரிப்பது மற்றொரு முறை. இடுப்பளவு முடி உள்ளவருக்கு அந்தத் தையல் வெளியே தெரியவே தெரியாது. மருத்துவர் இரண்டையும் விளக்கினார். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய பெரிய பயம் மொட்டைதான். கண்ணாடியை முன்னும் பின்னும் பிடித்து, பின்மண்டை முடியைத் தூக்கி, ஒரு விரல் அகலம்கூட இல்லாத அந்தக் கோட்டைக் காட்டி, பிறகு முடியை விட்டு மூடிக் காட்டினேன். அதன் பிறகுதான் சம்மதப் படிவத்தையே நிதானமாகப் படித்தார்.

புகைப்படத்துக்குத் தனிச் சம்மதம் வாங்கினோம். முகம் தெரியக் கூடாது, மருத்துவமனை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்தார். எந்த எண்ணில் அழைக்கலாம் என்றும் கேட்டுக்கொண்டோம். மாணவிகளின் பெற்றோர் அவர் போனை எடுப்பதுண்டு; அதனால் மருத்துவமனைப் பெயர் மட்டும் சொல்வது, என்ன சிகிச்சை என்று வாட்ஸ்அப்பில் எழுதாதிருப்பது என்று பேசி வைத்தோம்.

நகையைப் பற்றியும் முன்பே பேசிவிட வேண்டும். ரத்தம் நிறுத்த மின்சூட்டுக் கருவி பயன்படுத்துவோம் என்பதால் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. அறுவை அரங்க வாசலில் வைத்துத் தாலிச் செயினைக் கழற்றச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கும் கூட வந்த மாமியாருக்கும் என்ன பதற்றம் வரும் என்பது நம் ஊர்ச் செவிலியர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முந்தின நாளே வீட்டில் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வந்தார். மூக்குத்தி திருகு இறுகியிருந்தது. தட்டானிடம் போய்க் கழற்றி வரும்படி முந்தின வாரமே சொல்லியிருந்தோம்.

அறுவை சிகிச்சை நாள்

காலையில் இட்லியும் காபியும் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னோம். மரத்துப்போகும் ஊசியில் செய்வதால் பட்டினி தேவையில்லை என்று மயக்கவியல் மருத்துவர் சொல்லியிருந்தார். பட்டினி ஒற்றைத் தலைவலியைக் கிளப்பும் என்பதும் காரணம்.

எடை 48 கிலோ. அட்ரினலின் கலந்த லிக்னோகைன் என்ற மரப்பு மருந்துக்கு வழக்கமான உச்ச அளவு கிலோவுக்கு 7 மி.கி. அப்படிப் பார்த்தால் 336 மி.கி. இதை வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதி, 300-ஐத் தாண்டும் முன் நிறுத்திப் பேச வேண்டும் என்று அறுவை மருத்துவரோடு ஒப்புக்கொண்டோம். இரண்டு சதவீத லிக்னோகைன் என்றால் ஒரு மில்லியில் 20 மி.கி. இருக்கிறது, 336 மி.கி. என்பது 17 மில்லிக்கும் குறைவு. எடுக்கும் இடம், நடும் இடம் என்று இரண்டு முறை மரக்கச் செய்ய வேண்டிய சிகிச்சையில், எடை குறைந்த பெண்ணுக்கு இது எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுபது கிலோ ஆணுக்குப் போட்டுப் பழகிய கை, பழக்கத்தில் அதே ஊசியை நிரப்பிவிடும். ஒவ்வொரு ஊசி போனதும் கூட்டுத்தொகையை உரக்கச் சொல்லி எழுதுவது மட்டுமே என் வேலை, வேறு எதுவும் என்னிடம் கேட்கக் கூடாது என்று பிரித்துக்கொண்டோம். அவசர வண்டியில் 20 சதவீத கொழுப்புக் கரைசல் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று காலையிலேயே பார்த்தாயிற்று. லிக்னோகைன் மிகுந்து நஞ்சேறினால் அதை முறிக்க இந்தக் கரைசல் கிலோவுக்கு 1.5 மில்லி, இவருக்கு முதல் அளவு 72 மில்லி. அந்த எண்ணையும் பலகையில் எழுதி வைத்தோம். தேவைப்படும் நேரத்தில் யாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

நீண்ட முடியைப் பிரித்துக் கட்டுவதற்கே நேரம் பிடித்தது. கீற்று எடுக்கும் கோட்டுக்கு மேலுள்ள முடியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, மென்மையான ரப்பர் வளையம் போட்டு மேலே ஒட்டினோம். கோட்டில் உள்ள முடி மட்டும் கத்தரிக்கப்பட்டது. குப்புறப் படுக்க வேண்டியிருந்ததால் மார்புக்கு மேலேயும் கீழேயும் தனித்தனித் தலையணை வைத்து, மார்பு அழுந்தாமல் பார்த்துக்கொண்டோம். ஆண்களுக்கு இது தேவைப்படாததால் கட்டிலோடு வரும் துணைக்கருவிகளில் இதற்கு ஏற்பாடே கிடையாது.

சுமார் 14 செ.மீ. நீளம், ஒரு செ.மீ. அகலத்தில் கீற்று எடுக்கப்பட்டது. மைக்ராஸ்கோப்பின் கீழ் பிரித்ததில் 1,100-ஐ ஒட்டி மயிர்க்கால் கொத்துகள் கிடைத்தன. குளிர்ந்த சலைனில் ஐம்பது ஐம்பதாகத் தட்டில் வைத்து எண்ணினோம். வெளியே எடுத்த மயிர்க்காலுக்கு முதல் எதிரி உலர்தல். தட்டின் ஓரத்தில் ஒதுங்கிய ஒன்றிரண்டையும் திரும்ப நீரில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒற்றை முடி உள்ளவற்றைத் தனியாகப் பிரித்தோம். பெண்ணின் நெற்றியோரம் மென்மையாக, கோடு போட்டதுபோல் தெரியாமல் அமைய முன்வரிசைக்கு அவைதான் வேண்டும்.

மணிக்கொருமுறை பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னோம். நடும் பணி பாதி முடிந்தபோது கழிப்பறை போக எழுந்தார். இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்துத்தான் எழுப்பினேன். அப்படியும் வியர்த்து, “கண்ணு இருட்டுது” என்றார். நாடித்துடிப்பு 54, ரத்த அழுத்தம் 86/54. உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்தினோம். படுக்க வைத்தபடியே நான் கேட்டது: “நாக்கு, உதடு மரத்துப்போகுதா? வாயில இரும்பு மாதிரி ருசி? காதுல சத்தம்?” எதுவும் இல்லை. பலகையில் அப்போது 240. மரப்பு மருந்தின் நஞ்சா, வெறும் மயக்கமா என்று பிரித்தறிய இந்தக் கேள்விகளும் அந்த எண்ணும் பக்கத்திலேயே இருந்தது பெரிய உதவி. ரத்தச் சர்க்கரை 78. சில நிமிடங்களில் அழுத்தம் 104/66-க்கு வந்தது. பழச்சாறு கொடுத்து, அரை மணி ஓய்வுக்குப் பிறகு மயக்கவியல் மருத்துவர் பார்த்துச் சம்மதித்தபின் தொடர்ந்தோம். மொத்தம் 280 மி.கி.யில் முடிந்தது.

முதல் இரண்டு வாரம்

அன்று மாலையே வீட்டுக்குப் போனார். தங்கை ஒரு வாரம் உடன் இருக்க ஒப்புக்கொண்டிருந்தார். அறிவுரை முழுவதையும் தங்கைக்கும் சேர்த்தே சொன்னோம். தலையை உயர்த்தி, சாய்ந்த நிலையில் தூக்கம். கழுத்தின் இருபுறமும் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்வது. நட்ட இடத்தில் சலைன் தெளிப்பு. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். இரண்டு வாரத்துக்கு அடுப்படியில் குனிந்து நிற்க வேண்டாம் என்று கணவரிடம் தனியாகச் சொன்னேன். கணவரிடம் சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் மனைவி சமையலறையில் இருப்பார். வகிட்டுக் குங்குமம் வேண்டாம், புருவ மத்தியில் வைத்துக்கொள்ளலாம் என்பதை மாமியார் முன்னிலையில் மருத்துவரே சொன்னதால் வீட்டில் பேச்சு வரவில்லை.

மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, நான்காம் நாள் கண் இமைகள் பாதி மூடிக்கொண்டன. தங்கை பயந்து வீடியோவில் அழைத்தார். வீக்கம் வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தோம், ஆனால் ‘கண் மூடும் அளவுக்கு வரலாம்’ என்று சொல்லவில்லை. காய்ச்சல், ஒருபக்கம் மட்டும் சிவப்பு, சீழ், இமையைத் திறந்தால் பார்வையில் மங்கல் எதுவும் இல்லை. மரப்பு நீர் கீழே இறங்கும் வழக்கமான வீக்கம்தான். நெற்றியில் மட்டும், நட்ட இடத்தைத் தொடாமல் குளிர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி, மறுநாள் நேரில் வரவழைத்துப் பார்த்தோம். ஆறாம் நாள் வடிந்தது.

ஐந்தாம் நாள் இரவு வந்த அழைப்பு எதிர்பாராதது. கணவரின் பெரியப்பா காலமாகிவிட்டார். போகாமல் இருக்க முடியாது; போய்வந்தால் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. “ஊத்தக் கூடாதுன்னா நான் போகவே இல்லன்னு சொல்லிடுறேன், ஆனா அது ஆயுசுக்கும் பேச்சாயிடும்” என்றார். ‘முடியாது’ என்று சொல்லிவிடுவது எங்களுக்கு எளிது. ஆனால் அப்படிச் சொன்னால், ஒன்று அவர் உறவை இழப்பார், இல்லையென்றால் எங்களிடம் சொல்லாமல் கிணற்றடியில் வாளியோடு கவிழ்த்துக்கொள்வார். மருத்துவப்படி பார்த்தால் அந்த வாரத்தில் மென்மையாக அலசுவது ஏற்கெனவே அவருக்குச் சொல்லியிருந்ததுதான். தண்ணீரின் வேகமும் கை தேய்ப்பதும்தான் ஆபத்து. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இப்படிச் சொன்னேன்: கூட்டத்தில் நிற்க வேண்டாம், கட்டிப்பிடித்து அழ வருபவர்கள் தலையைத் தொடாமல் தங்கை பக்கத்தில் நிற்கட்டும், தளர்வான பருத்தித் துணியை மேலே போட்டுக்கொள்ளுங்கள். திரும்பியதும் வெதுவெதுப்பான, காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சின்ன டம்ளரில் எடுத்து, தலைக்கு ஒட்டினாற்போல வைத்துத் தங்கை மெதுவாக வழியவிடட்டும். ஷவர் வேண்டாம், மக் வேண்டாம், துண்டால் துவட்டவும் வேண்டாம், தானாக உலரட்டும். அப்படியே செய்தார்கள். மறுநாள் பார்த்தபோது ஒரு மயிர்க்கால்கூடப் பெயரவில்லை, பொருக்குகளும் இளகியிருந்தன. பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தோம்.

ஐந்தாம் வாரம்

சிகிச்சைக்குப் பின் நடந்தவற்றில் கடினமானது இதுதான். நட்ட முடி முதல் இரண்டு மாதத்துக்குள் உதிர்ந்து, மயிர்க்கால் மட்டும் உள்ளே தங்கி, மூன்று நான்கு மாதத்தில் புதிதாக முளைக்கும். இதை எல்லோருக்கும் சொல்கிறோம். பெண்களுக்கு இன்னொன்றும் நடக்கலாம்: நட்ட இடத்தைச் சுற்றி ஏற்கெனவே இருந்த சொந்த முடியும் அதிர்ச்சியில் தற்காலிகமாக உதிரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் தெரியும். நடும் இடத்துக்கிடையே அவர்களுக்கு முடி மிச்சமிருப்பதுதான் காரணம். அப்போது சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிடத் தலை மோசமாகத் தோன்றும்.

இவருக்கு அது சரியாக நவராத்திரியோடு வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வீடு கொலுவுக்கு அழைப்பு. இவர் எங்கும் போகவில்லை. மாணவிகளின் அம்மாக்கள் விசாரிக்க, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். இதையெல்லாம் அவராகச் சொல்லவில்லை. அந்த வாரம் இன்னொரு நோயாளிக்கு அழைக்கும்போது இவர் நினைவு வந்து அழைத்தேன். முதலில் “நல்லாருக்கேன்” என்றார். பிறகு அழுதார். “காசையும் குடுத்து இருந்ததையும் கெடுத்துக்கிட்டேன்” என்றார்.

‘இது சகஜம், கவலைப்படாதீங்க’ என்று போனிலேயே முடித்திருக்கலாம். ஆனால் உதிர்வுக்கு வேறு காரணமும் இருக்கலாம்: இரும்பு மறுபடி குறைந்திருக்கலாம், காய்ச்சல் வந்துபோயிருக்கலாம். மறுநாளே வரச் சொன்னோம். சோதனையில் ஃபெரிட்டின் 44. மருத்துவர் கருவியில் பார்த்து, மயிர்க்கால்கள் நலமாக இருப்பதைத் திரையில் அவருக்கே காட்டினார். உதிர்ந்த இடத்தில் கருப்புப் புள்ளிகளாகப் புது முளை இரண்டு மூன்று தெரிந்தன. எங்கள் வார்த்தையால் வராத தெளிவு அந்தத் திரையைப் பார்த்ததும் வந்தது. முடி வளர்ச்சிக்கான மினாக்ஸிடில் மருந்தைத் தடவ ஆரம்பித்தார்கள். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும்போதும் இதைத் தடவக் கூடாது. இவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர் என்பதால் அந்தக் கவலை இல்லை. முதல் சில வாரம் அதனாலும் சற்று உதிரலாம் என்பதை இந்த முறை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தேன்.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கலாமா என்று கேட்டார். இரண்டு மாதம் கடந்துவிட்டதால், தேய்க்காமல் விரல் நுனியால் தொட்டு வைத்துக்கொள்ள மருத்துவர் அனுமதித்தார்.

விளைவு

நவம்பர் கடைசியில் மாணவி ஒருவரின் அரங்கேற்றம். நட்டுவாங்கம் செய்ய மேடையில் உட்கார வேண்டும். தளர்ந்த பின்னலும், கழுத்துக்கு அருகில் பின்னலில் செருகிய ஒரு முழம் மல்லிகையுமாக உட்கார்ந்தார். ஆறாம் மாதத்தில் நெற்றியோரம் நிறையத் தொடங்கியது. பன்னிரண்டாம் மாதப் பரிசோதனையில் வலது ஓரம் நன்றாக மூடியிருந்தது. இடது ஓரத்தில் அடர்த்தி சற்றுக் குறைவு. பின்மண்டைத் தழும்பு மெல்லிய கோடாக இருக்கிறது; அதற்கு மேலே ஒரு கையகல இடத்தில் உணர்ச்சி முழுதாகத் திரும்ப எட்டு மாதம் ஆனது. ஹீமோகுளோபின் 12.3. தலைவலி மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வருகிறது, முன்பைவிட அதிகமில்லை.

மாற்றியவை

பெண்களுக்கான படிவம் தனியாகிவிட்டது. அதில் மாத்திரைக் கேள்வி ‘கைப்பையிலும் வீட்டிலும் உள்ள எல்லா அட்டைகளையும் கொண்டுவந்து காட்டவும்’ என்று இருக்கிறது. மாதவிடாய் பற்றி ‘சீராக உள்ளதா’ என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில் நாட்கள், மாற்றும் இடைவெளி, கட்டி, இரவு என்று நான்கு கேள்விகள். தனியாகப் பேசும் நேரம் முன்பு வழக்கமாக மட்டும் இருந்தது. இப்போது அது நடந்ததா என்று செவிலியர் கையெழுத்திட வேண்டும். என் கருத்தில் இதுதான் முக்கியமான மாற்றம். வேலை அதிகமான நாளில் முதலில் விடுபடுவது எழுத்தில் இல்லாத வழக்கங்கள்தான்.

ஐந்தாம் வார அழைப்பு அட்டவணையில் சேர்ந்துவிட்டது; நோயாளி அழைக்கட்டும் என்று காத்திருப்பதில்லை. வீங்கிய முகம் எப்படி இருக்கும் என்பதை, சம்மதம் தந்த ஒருவரின் கண் மட்டும் தெரியும் படத்தைக் காட்டியே விளக்குகிறோம். டம்ளரில் தலைக்கு ஊற்றும் முறையை வீட்டுத் தாளில் படமாக வரைந்து சேர்த்தோம். தையலுக்கு மேலே பல மாதம் மரத்துப்போயிருக்கலாம் என்பதையும் அதில் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னும்போது சீப்பு படுவது தெரியாமல் அவர் ஒருமுறை கீறிக்கொண்டார்.

இடது ஓரத்துக்கு இரண்டாம் முறை நடலாமா என்று பன்னிரண்டாம் மாதம் கேட்டார். பதினெட்டாம் மாதம் வரை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபெரிட்டின் சோதனை, மேடைக்கு ஏறினாலும் சவுரியின் பாரம் நெற்றியோரத்தில் விழாதபடி பின்னலின் பாதியிலிருந்து மட்டும் இணைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.